பலித்தாவ் கரையுதா? மாவை மாத்துங்க

சின்ன வயசுல மணிலாவில் சாப்பிட்ட பலித்தாவை (பிலிப்பைன்ஸ்காரங்க அரிசி மாவுல செய்யுற இனிப்பு) இடியாப்ப மாவுல செஞ்சேன், கொதிதண்ணியில போட்டதும் கரைஞ்சுடுச்சுன்னு எழுதியிருந்தீங்க. தப்பு உங்க கையில இல்லீங்க, மாவுலதான். அங்கே 'மலக்கிட்'னு சொல்ற ஒட்டரிசி மாவுதான் வேணும். பசை மாதிரி இழுத்துப் பிடிக்கிறது அதுதான். தாய்லாந்து ஒட்டரிசி மாவு பாக்கெட் கிடைச்சாலும் போதும்.

ஒரு கப் மாவுக்கு அரை கப் பச்சைத் தண்ணி. ஒரேயடியா ஊத்திடாதீங்க, கொஞ்சம் கொஞ்சமா விட்டுப் பிசையுங்க. சின்ன எலுமிச்சை அளவு உருட்டி, நாக்கு மாதிரி நீளவாக்குல தட்டுங்க. ஓரம் வெடிச்சா தண்ணி பத்தலைன்னு அர்த்தம். தளதளன்னு கொதிக்கிற தண்ணியில நாலஞ்சா போட்டா அடியில போய் உக்காந்துக்கும், வெந்ததும் தானா மேல வரும். அந்த ஊர் பாஷையில 'லித்தாவ்'னாலே மேலே வந்து தெரியுறதுதான். பேரே பதம் சொல்லுது பாருங்க. அரை நிமிஷம் விட்டு எடுத்து, சூட்டோட தேங்காய்த் துருவல்ல புரட்டுங்க.

சர்க்கரையும், வறுத்து ஒண்ணும் பாதியுமா இடிச்ச எள்ளும் சாப்பிடும்போதுதான் தூவணும். நான் முதல் தடவை முன்னாடியே கலந்து வச்சு, தேங்காய் தண்ணி விட்டு எல்லாம் நசநசன்னு ஆயிடுச்சு. மிச்சமானா ஃபிரிட்ஜ்ல வைக்காதீங்க, கல்லாயிடும்.