கற்பனை மல்யுத்த லீக் ஒன்றைக் கதையாகவே எழுதி இணையத்தில் நடத்த முடியுமா? யாராவது நடத்தியிருக்கிறீர்களா?

நடத்தியிருக்கிறேன். நாலு வருடம். வீட்டில் யாருக்கும் தெரியாது.

கேள்விக்குக் கீழே "முப்பது வீரர்கள், ஐந்து பெல்ட், வாரம் இரண்டு ஷோ, எல்லாம் ரெடி" என்று எழுதியிருக்கிறீர்கள். லோகோவும் வரைந்திருப்பீர்கள். யார் எந்த இசைக்கு நடந்து வருவார்கள் என்றுகூட முடிவாகியிருக்கும். எழுத வரும் ஆட்கள்தான் இன்னும் கிடைத்திருக்க மாட்டார்கள், சரியா? என் முதல் மாதமும் இதே கதைதான். ஒரு பெல்ட், அதாவது ஒரே ஒரு சாம்பியன் பட்டம், போதும். ஆறு பேர் போதும். இரண்டு வாரத்துக்கு ஒரு ஷோ வையுங்கள். அதற்கே நாக்குத் தள்ளிவிடும்.

இதைப் பற்றித் தெரியாமல் படிக்க வந்தவர்களுக்கு: இதன் பெயர் ஈ-ஃபெட். கலந்துகொள்ளும் ஒவ்வொருவரும் ஒரு வீரனை உருவாக்கி, அவனுக்காக எழுதுவார்கள். எழுதுபவரை ஹேண்ட்லர் என்போம். இணையம் பரவுவதற்கு முன்பே தபால் வழியாக இப்படி ஆடியவர்கள் உண்டு. பிறகு யூஸ்நெட் என்ற பழைய இணைய விவாதக் களம், மின்னஞ்சல் குழு என்று இடம் மாறிக்கொண்டே வந்தது. யார் ஜெயிப்பது என்பதை முடிவு செய்ய மூன்று வழிகள். கணினி சிமுலேட்டரிடம் விட்டுவிடலாம். இருவரும் பேசிவைத்துக்கொண்டு கதையை நகர்த்தலாம், இதற்கு ஏங்கிள் ஃபெட் என்று பெயர். மூன்றாவது எழுத்துப் போட்டி: மோதலுக்கு முன்னால் இருவரும் தங்கள் வீரனைப் பற்றி ஆளுக்கொரு கதை எழுத வேண்டும், அதுதான் ஆர்பி. நடுவர்கள் படித்து, எது மேலோ அந்த வீரனுக்கு வெற்றி கொடுப்பார்கள். கெடு தாண்டினால் படிக்காமலே தோல்வி. முடிவு தெரிந்த பிறகு நடத்துபவர் அந்த மோதலை எழுதி வெளியிடுவார். எங்களுடையது இந்த மூன்றாவது வகை. மூன்று நடுவர்கள், ஆர்பிக்கு 3000 சொல் உச்சவரம்பு. இந்த வரம்பு கட்டாயம் வேண்டும். இல்லையென்றால் ஒருவர் நாவலையே கொண்டுவந்து கொட்டுவார்.

"மல்யுத்தமே போலி, போலிக்கு ஒரு போலியா" என்று இந்நேரம் ஒருவர் கமெண்ட் தட்டிக்கொண்டிருப்பார். ஐயா, இது பொழுதுபோக்குதான், உண்மையான போட்டி அல்ல என்று 1989-லேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாண செனட்டில் பெரிய மல்யுத்த நிறுவனமான டபிள்யூ.டபிள்யூ.எஃப் தரப்பே சொல்லிவிட்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்து விடுபடுவதற்காகச் சொன்னது. இத்தனை வருடம் கழித்து நீங்கள் வந்து கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை.

எழுதக் கற்றுக்கொள்ள ஒரே ஒரு கதையைப் பாருங்கள். 1988 மார்ச் 27, டபிள்யூ.டபிள்யூ.எஃப்-பின் வருடாந்திரப் பெரிய ஷோவான ரெஸில்மேனியா, நான்காவது. ஹல்க் ஹோகனின் உதவியோடு ராண்டி சாவேஜ் சாம்பியன் ஆகிறார். 1989 ஏப்ரல் 2, ஐந்தாவது ரெஸில்மேனியா. அதே ஹோகனிடம் அந்தப் பட்டத்தை இழக்கிறார். இடையில் ஒரு வருடம். அதில் பெரும்பகுதி இருவரும் ஒரே அணி. சாவேஜுடன் வரும் எலிசபெத்தை ஹோகன் ஒரு நொடி அதிகமாகத் தூக்கிவைத்துக்கொள்வார், சாவேஜின் கண் ஒரு பக்கம் போகும், அவ்வளவுதான். 1989 பிப்ரவரியில் அணியாக மோதும்போது எலிசபெத்துக்கு அடிபட, ஹோகன் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடிவிடுகிறார். வளையத்தில் சாவேஜ் தனியாக அடி வாங்குகிறார். பிறகு அவர் வெடிக்கும்போது, "இவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே" என்று தோன்றும். நல்ல ஹீல், அதாவது வில்லன் வீரன், என்றால் அதுதான். தான் வில்லன் என்று அவனுக்கே தெரியக்கூடாது. உங்கள் முப்பது பேரில் எத்தனை பேருக்கு இப்படி ஒரு ஆதங்கம் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மீதிப் பேரை அழித்துவிடலாம்.

மோதலை எழுதும்போது சப்ளெக்ஸ், டிடிடி, மறுபடி சப்ளெக்ஸ் என்று பிடிகளைப் பட்டியல் போடாதீர்கள். எழுதியவனைத் தவிர யாரும் படிப்பதில்லை. அடுத்தவர் வீரனை அவரைக் கேட்காமல் அழ வைக்காதீர்கள், காலை உடைக்காதீர்கள். சண்டை வருவது இங்கேதான்.

இப்போது என் கதை. இதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

என் வீரன் தபால்காரன். ஹீல். தபாலில் ஆடிய அந்தப் பழைய ஆட்டக்காரர்களுக்கு என் வணக்கமாக வைத்த பெயர். எதிரிக்கு வரவேண்டிய கடிதங்களைப் பிரித்துப் படித்துவிட்டு, மைக்கைப் பிடித்து ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டுவான். என் வாயால் சொல்லக்கூடாது, நல்ல கிம்மிக், அதாவது வீரனுக்கான வேஷம். சாம்பியனும் ஆனான். நானேதான் லீக்கை நடத்துபவன், நானேதான் ஒரு நடுவரும். என் மோதல் வந்தால் என் இடத்தில் வேறொருவர் உட்கார்ந்து படிப்பார் என்று வாய்ப்பேச்சில் ஒரு ஏற்பாடு. எழுதி வைக்கவில்லை. பட்டம் ஏழு மாதம் என்னிடமே இருந்தது. ஒழுங்காக எழுதித்தான் ஜெயித்தேன் என்று இன்றுகூட வாதாடுவேன். அந்தக் கடைசி மோதலைத் தவிர.

எதிரில் வந்தவன் ஒரு இரவுக் காவலாளி. அவனை எழுதியவர் யார், ஆணா பெண்ணா, எத்தனை வயது, எதுவும் எனக்குத் தெரியாது. கெடுவுக்கு ஒரு மணி நேரம் முன்னால் ஆர்பி வந்தது. மூடிப்போன ஒரு தொழிற்சாலையில் காவலாளி டார்ச்சோடு சுற்றி வருகிறான். பூட்டுகளை எண்ணுகிறான். மொத்தம் 41. ஒவ்வொரு பூட்டுக்குப் பின்னாலும் முன்பு யார் வேலை பார்த்தார்கள் என்று அவனுக்குத் தெரியும். கதை முழுக்கத் தபால்காரன் பெயரே இல்லை. கடைசிப் பத்தியில் கேட்டுக்கு அடியில் ஒரு கடிதம் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறான், பிரிக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பூட்டுக்குப் போகிறான். முடிந்தது. 1400 சொல்கூட இருக்காது.

என்னுடையது சரியாக 3000. கடித மலைமேல் நின்றுகொண்டு தபால்காரன் விடுகிற சவடால்.

எனக்குப் பதிலாகப் படிக்க வேண்டியவர் அந்த வாரம் ஆளையே காணோம். மற்ற இருவரில் ஒருவர் காவலாளிக்கு, ஒருவர் எனக்கு. எனக்குப் போட்டவர் தீர்ப்பை ஒன்பது நிமிட வாய்ஸ் மெசேஜாக அனுப்பியிருந்தார். இதைச் சொல்லாமல் நகர முடியவில்லை, மன்னிக்கவும். ஒரு வரியில் எழுதக்கூடியதை ஏன் ஐயா ஒன்பது நிமிடம் பேசுகிறீர்கள்? அதில் இரண்டு நிமிடம் இருமல், ஒரு நிமிடம் யாரிடமோ "கதவைச் சாத்து" என்று கத்துகிறீர்கள். எழுத்தென்றால் கண்ணை ஓட்டித் தேவையானதை எடுத்துக்கொள்வேன். பேச்சில் எங்கே என்ன இருக்கிறது என்று எப்படித் தேடுவது? அனுப்புகிறவருக்கு மிச்சமாகும் நேரம் முழுக்கக் கேட்கிறவன் தலையில் விடிகிறது. அலுவலகத்திலும் இதேதான், உறவுக்காரர்களும் இதேதான். சரி, எங்கே விட்டேன்?

ஒன்றுக்கு ஒன்று. ஷோ வெளியாக இன்னும் ஒரு ராத்திரிதான். மூன்றாவது ஓட்டை நானே போட்டேன். எனக்கு.

நேரமில்லை, அதனால்தான் என்று அன்று எல்லோரிடமும் சொன்னேன். அதுவும் பொய். தபால்காரன் ஜெயிப்பதாக அந்த மோதலை நான் நாலு நாள் முன்னாலேயே எழுதி முடித்திருந்தேன். காவலாளியின் கதை வருவதற்கு முன்னாலேயே.

1997 நவம்பர் 9, மாண்ட்ரியல். டபிள்யூ.டபிள்யூ.எஃப் சாம்பியன் பிரெட் ஹார்ட் தோல்வியை ஒப்புக்கொள்ளவே இல்லை, ஆனாலும் மணி அடித்து ஷான் மைக்கேல்ஸ் ஜெயித்ததாக அறிவித்தார்கள். அடிக்கச் சொன்னவர் முதலாளி வின்ஸ் மெக்மேன். அந்த வீடியோவைப் பார்த்து எத்தனை முறை அவரைத் திட்டியிருப்பேன்! அவருக்காவது, சாம்பியன் எதிரி நிறுவனத்துக்குப் போகிறாரே, பட்டமும் கூடவே போய்விடுமோ என்ற வியாபார பயம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? கற்பனை பெல்ட். அதன் படம்கூட நானே வரைந்தது.

காவலாளியின் ஹேண்ட்லர் சண்டை போடவில்லை. நான்தான் தனியாக மெசேஜ் அனுப்பி நீளமாக விளக்கம் கொடுத்தேன். "பரவாயில்லைங்க, நீங்கதானே நடத்துறீங்க" என்று பதில் வந்தது. அடுத்த ஷோவுக்கு அவரிடமிருந்து அறுபது சொல்லில் ஒரு ஆர்பி: காவலாளி ஷிஃப்ட் முடிகிறது, சாவிக்கொத்தை ஆணியில் மாட்டுகிறான், போகிறான். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. ஒரே மாதத்தில் இன்னும் மூன்று பேர் கழன்றுகொண்டார்கள். மூன்று பேரும் சொன்னது "வேலை அதிகம்".

பட்டத்தைக் காலியாக அறிவித்துவிட்டுத் தபால்காரனை ஓய்வுபெற வைத்தேன். மிச்சமிருந்தவர்களோடு லீக் இன்னும் ஒன்றரை வருடம் ஓடியது. அந்த ஒன்றரை வருடம்தான் நன்றாக இருந்தது என்று இருந்தவர்கள் சொல்வார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

எங்கள் விதிகள் கோப்பு இன்னும் என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் கேளுங்கள், அனுப்புகிறேன், பெயரை மட்டும் மாற்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம். மொத்தம் பதினோரு விதி. முதல் பத்தும் ஆரம்பத்திலேயே எழுதியவை. பதினோராவது, நடத்துபவரின் வீரன் பட்டத்துக்கு மோதக்கூடாது என்பது. அதன் தேதி மட்டும் இரண்டரை வருடம் பிந்தியிருக்கும்.