ஜிடிபி டேட்டாவ வச்சு காசு போற பாதைய கண்டுபிடிக்க முடியுமா?

பல்கலைக்கழகத்துல கடைசி வருஷம் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு: "டூரிஸ்ட் இங்க சாப்பாட்டுக்கு செலவு பண்ற காசு எங்கெங்க போவுதுன்னு மாடல் பண்றேன், ஜிடிபி (நாட்டோட மொத்த உற்பத்தி மதிப்பு) டேட்டா எல்லாம் இறக்கிட்டேன், ஆனா கடைக்காரர்கிட்டேர்ந்து அடுத்து யாருக்கு போவுதுன்னு அதுல இல்லையே?"

தம்பி, அதுல இருக்காது. அது கடைசியா யாரு எவ்ளோ செலவு பண்ணாங்க, எந்தத் துறை எவ்ளோ மதிப்பு சேர்த்துச்சுங்கிற மாதிரி மொத்தக் கணக்கத்தான் சொல்லும். உங்களுக்கு வேணுங்கிறது சிங்கப்பூர் புள்ளிவிவரத் துறை போடுற இன்புட்-அவுட்புட் டேபிள். அதுல உணவு சேவைக்குன்னு ஒரு நெடுவரிசை இருக்கும், அந்தத் துறை எந்தெந்த துறைகிட்ட எவ்ளோ வாங்குச்சு, சம்பளம் எவ்ளோ, லாபம் எவ்ளோன்னு மேலேர்ந்து கீழ வரை வரிசையா வரும். ஒவ்வொரு கட்டத்தையும் அந்தந்த நெடுவரிசை மொத்தத்தால வகுத்துட்டு, அப்புறம் லியோன்டீஃப் இன்வர்ஸ் (ஒரு வெள்ளி செலவு துறைக்குத் துறை சுத்தி மொத்தமா எவ்ளோ உற்பத்திய உண்டாக்குதுன்னு காட்டுற அணி) எடுங்க, எக்ஸெல்லே போதும். 1973ல பொருளாதார நிபுணர் லியோன்டீஃபுக்கு நோபல் பரிசு வாங்கிக் குடுத்தது இந்த முறைதான்.

நம்ம ஊருல எல்லாரும் சறுக்குற இடம் இறக்குமதி. உதாரணத்துக்கு ஒரே ஒரு துறைன்னு வச்சுக்குங்க, 1 வெள்ளி விற்பனைக்கு 60 காசு சரக்கு வாங்குது. அத்தனையும் உள்ளூர்னு போட்டா பெருக்கம், அதாவது 1 வெள்ளி விற்பனையால உண்டாகிற மொத்த உற்பத்தி, 2.5 வரும். அதுல பாதி வெளிநாட்டு சரக்குன்னா உள்ள சுத்துறது 30 காசுதான், பெருக்கம் சுமார் 1.43. அரிசி, கோழி, எண்ணெய்னு கிட்டத்தட்ட எல்லாமே வெளியிலேர்ந்து வர்ற ஊருல இது சின்ன வித்தியாசமே இல்ல, அதனால இறக்குமதிய தனியா பிரிச்சு காட்டுற உள்நாட்டு டேபிளத்தான் எடுக்கணும்.

ரசீதுல உள்ள தொகைய அப்படியே உள்ள போடாதீங்க, ஏன்னா டேபிள் அடிப்படை விலையில (பொருள் மேல போடுற வரி சேராத விலை) இருக்கும், ஜிஎஸ்டிய கழிச்சுடணும். 2022 வரைக்கும் 7%, 2023ல 8%, 2024லேர்ந்து 9%, நீங்க எடுத்த ரசீது எந்த வருஷமோ அந்த வருஷத்து வீதம். சின்ன கடைங்க நிறைய ஜிஎஸ்டிக்கு பதிவே பண்ணியிருக்காது, அங்க கழிக்க ஒண்ணுமில்ல.

சம்பளம் திரும்ப செலவாகிறதையும் சேர்க்கணும்னா பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் ஸ்டோன் வழியில சமூகக் கணக்கு அணி (துறைங்களோட குடும்பங்க, அரசாங்கம், வெளிநாடு வரவு செலவையும் சேர்த்துக் காட்டுற டேபிள்) கட்டணும். அப்ப மசேநிதிக்கு (மத்திய சேம நிதி, ஊழியரோட கட்டாய சேமிப்பு) போறது, வெளிநாட்டு ஊழியர் ஊருக்கு அனுப்புறது, வெளிநாட்டு முதலாளிக்கு போற லாபம் மூணையும் வெளிய தள்ளுங்க. இங்க தேசிய வருமானம் ஜிடிபிய விட கம்மியா நிக்கிறதுக்கு அந்த லாபம் ஒரு பெரிய காரணம். ஒவ்வொரு கணக்குலயும் வரவும் செலவும் சமமா வருதான்னு பாத்துட்டு இன்வர்ஸ் போடுங்க, வரலேன்னா வித்தியாசத்த குடும்பங்க தலையில கட்டிடாம புள்ளிவிவர வேறுபாடுன்னு தனி வரியாவே விட்டுடுங்க.