குதிரையின் பின்னங்காலைப் பாருங்கள்: டிரெஸ்ஸாஜ் கேள்வி-பதில்

பாரிஸ் ஒலிம்பிக் டிரெஸ்ஸாஜின் முதல் சுற்றில் இந்திய வீரர் அனுஷ் அகர்வாலாவின் குதிரைக்கு 66 சதவீதம், ஜெர்மனியின் டாலேரா என்ற குதிரைக்கு 82. எனக்கு இரண்டுமே அழகாகத்தான் தெரிந்தன. வித்தியாசம் எங்கே?
- வாசகி, கோவை

டிரெஸ்ஸாஜ் என்பது வகுத்த அசைவுகளைக் குதிரை எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறது என்று பார்க்கும் போட்டி. 60 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகல மைதானத்தைச் சுற்றி ஏழு நடுவர்கள் உட்கார்ந்து, ஒவ்வொரு அசைவுக்கும் 0 முதல் 10 வரை போடுகிறார்கள். 66-க்கும் 82-க்கும் உள்ள தூரம் என்பது ஒவ்வோர் அசைவிலும் சராசரியாக ஏறக்குறைய ஒன்றரை மதிப்பெண்தான். ஒலிம்பிக்குக்குத் தேறிய எந்தக் குதிரைக்கும் எல்லா அசைவும் தெரியும். அதை எவ்வளவு தரமாகச் செய்கிறது என்பதில்தான் அந்த ஒன்றரை போகிறது.

பியாஃபை எடுத்துக்கொள்ளுங்கள். குதிரை நின்ற இடத்திலேயே டிராட் (மூலைவிட்டக் கால்கள் ஜோடி ஜோடியாக விழும் துள்ளோட்டம்) போடுவது; டிரெஸ்ஸாஜின் உச்ச நிலையான கிராண்ட் பிரீயில் 12 முதல் 15 எட்டு. தூக்கிய முன்னங்காலின் குளம்பு நுனி, ஊன்றிய முன்னங்காலில் முழங்காலுக்குக் கீழுள்ள நீளெலும்பின் நடுப்பகுதி வரை வரவேண்டும். பின்னங்கால் அவ்வளவு உயர வேண்டாம், ஊன்றிய காலின் கணுவைச் சற்றுத் தாண்டினால் போதும். இந்த நேரத்தில் பிட்டம் தாழ்ந்து, எடை பின்னுக்குப் போக வேண்டும். பலம் போதாத குதிரை என்ன செய்யும்? முன்னங்கால்களை வயிற்றுக்கடியில் சாய்த்து ஊன்றி, எடையைத் தோளில் போட்டுக்கொண்டு பிட்டத்தை மேலே தூக்கிக் குதிக்கும். தாளம் தப்பாததால் டிவியில் அழகாகத்தான் இருக்கும். நடுவர் ஐந்து போடுவார். இசையோடு ஆடும் சுற்றில் பியாஃப், பாஸாஜ் (உயரத் தூக்கி மெதுவாக முன்னேறும் டிராட்), பிருவெட் (பின்கால்களை மையமாக வைத்துச் சுற்றுவது) மூன்றுக்கும் மதிப்பெண் இரட்டிப்பு என்பதால் அங்கே அடி இரண்டு மடங்கு விழும்.

முன்னங்காலை விசிறி விசிறி ஓடும் குட்டிகள்தான் ஏலத்தில் விலை போகின்றன என்கிறார்களே?
- வாசகர், திருச்சி

போகின்றன. அதில் பாதி ஏமாற்றமாக முடிவதும் உண்டு. நீட்டு டிராட்டைப் பக்கவாட்டில் படமெடுத்து நிறுத்திப் பாருங்கள். நீட்டிய முன்னங்காலின் மேற்பகுதியும், எதிர்ப்பக்கப் பின்னங்காலின் கீழெலும்பும் ஏறக்குறைய இணைகோடுகளாக இருக்க வேண்டும். முன்கால் வானத்தைப் பார்க்க, பின்கால் பின்னாலேயே தங்கிவிட்டால் முதுகு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். இன்னொன்று: குளம்பு நுனி காற்றில் எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேயே தரையைத் தொட வேண்டும். காட்டிவிட்டுப் பின்னுக்கு இழுத்து வைத்தால் அது வெறும் பகட்டு.

நான்கு வயதுக் குதிரை வாங்க ஐரோப்பா போகிறோம். எதைப் பார்ப்பது?
- வாசகர், பெங்களூரு

டிராட்டைக் கடைசியில் பாருங்கள். பயிற்சியால் அதிகம் மேம்படுவது அதுதான். நடையும் கேன்டரும் (மிதமான பாய்ச்சல்) பெரும்பாலும் பிறவியில் வருபவை.

நடையில் நான்கு குளம்பும் தனித்தனியாக, சீராக விழ வேண்டும். கடினமான சமதரையில் லகானைத் தளர்த்தி நடக்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஒரே பக்கத்து இரு கால்களும் சேர்ந்தாற்போல் விழுந்தால் வேண்டாம்; அதைத் திருத்துவது மிகக் கடினம். பின்குளம்பு முன்குளம்பின் தடத்தைத் தாண்டி விழுவது நல்லது. ஆனால் தாண்டல் மிகப் பெரிதாக இருந்தாலும் யோசியுங்கள். அப்படிப்பட்ட நடையை எட்டு குறுக்கி ஒடுக்கும்போதுதான் தாளம் உடையும்.

கேன்டர் மூன்று தாளம், பிறகு நான்கு காலும் காற்றில் இருக்கும் ஒரு கணம். அந்தக் கணம் தெளிவாகத் தெரிய வேண்டும். கிராண்ட் பிரீயில் ஒவ்வொரு தாவலிலும் முன்னே நீளும் காலை இடம் வலமாக மாற்றும் 15 தொடர் மாற்றங்களும் அந்த இடைவெளியில்தான் நடக்கின்றன. அது குறுகலாக இருந்தால் முன்கால் மாறி, பின்கால் ஒரு தாவல் தாமதமாக மாறும். பிருவெட்டில் ஒரு முழுச் சுற்றுக்கு 6 முதல் 8 தாவல்; கேன்டர் பலவீனமான குதிரை பாதியிலேயே நான்கு தாளமாகக் கலைந்து, பம்பரம்போல் சுழன்று தப்பிக்கும்.

உடலமைப்பில், கழுத்து முடிந்து முதுகு தொடங்கும் மேடு பிட்டத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கட்டும். பின்கால் மடிப்பு மிக நிமிர்ந்திருந்தால் எடை தாங்கும் தசைநார் சீக்கிரம் கிழியும். மிக வளைந்திருந்தால் மூட்டு தேயும். எக்ஸ்ரேயோடு நிற்காமல் அந்தத் தசைநாருக்கு ஸ்கேனும் எடுக்கச் சொல்லுங்கள். உயரத்துக்காகக் கூடுதல் விலை கொடுக்காதீர்கள். 2014-இல் இசைச் சுற்றில் 94.3 சதவீதம் எடுத்த வலேக்ரோ ஒன்றும் ராட்சதக் குதிரை அல்ல.

கடைசியாகக் குணம். நடையிலிருந்து டிராட், டிராட்டிலிருந்து நடை என்று பத்து முறை மாற்றச் சொல்லுங்கள். பத்தாவது முறையும் காலின் லேசான தொடுகைக்குக் கிளம்புகிறதா? ஒவ்வொரு முறையும் உதைத்துக் கிளப்ப வேண்டிய குதிரையைப் பியாஃபுக்குக் கொண்டுபோவது கழுத்தறுப்பு. அதே சமயம், சொல்வதற்கு முன்பே பாயும் குதிரை ஒலிம்பிக் கூட்டத்தின் கைதட்டலில் என்ன செய்யும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

எந்த வயதில் உச்சத்துக்கு வரும்?
- வாசகி, மதுரை

சர்வதேச கிராண்ட் பிரீயில் இறங்கவே 8 வயது ஆகியிருக்க வேண்டும். வலேக்ரோ லண்டன் ஒலிம்பிக்கில் 10 வயதிலும், ரியோவில் 14 வயதிலும் தங்கம் வென்றது. டாலேரா டோக்கியோவில் வென்றபோது 14, பாரிஸில் 17.

பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் வைத்திருக்கிறேன். கிராண்ட் பிரீ வரை போகுமா?
- வாசகர், சென்னை

பெரும்பாலும் போகாது. தரோபிரெட் பந்தயத்துக்கென்றே உருவான இனம்; அதன் பின்கால் உடலை முன்னே தள்ளுவதற்காகத் தேர்ந்து வளர்க்கப்பட்டது; டிரெஸ்ஸாஜின் மேல்நிலைகளில் கேட்பதோ எடையைத் தாங்குவதை. ஆனால் நடையும் கேன்டரும் பல தரோபிரெட்களுக்கு நன்றாகவே இருக்கும், கீழ்நிலைப் போட்டிகளில் தைரியமாக இறங்கலாம்.

முதலில் சில மாதம் ஓய்வு. இரைப்பைப் புண், பல், முதுகு மூன்றையும் மருத்துவரிடம் காட்டுங்கள். தீவனத்தில் தானியத்தைக் குறைத்து உலர்ந்த புல், பச்சைப் புல்லைக் கூட்டுங்கள். பிறகுதான் சேணம். பந்தயக் குதிரைக்கு லகான் இறுகினால் 'ஓடு' என்று பொருள். நீங்கள் நிறுத்த இழுப்பீர்கள், அது கடிவாளத்தில் சாய்ந்துகொண்டு வேகமெடுக்கும். இன்னும் இழுப்பீர்கள், இன்னும் ஓடும். இழுக்காமல் 20 மீட்டர் வட்டத்தில் திருப்பி, வட்டமே வேகத்தைக் குறைக்கும்படி விடுங்கள். வேகம் குறைந்த அந்த நொடியே கையைத் தளர்த்துங்கள். தொடக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் பாதி நடையாகவே இருக்கட்டும்.