பிள்ளைய சாப்பாடு: கேளுங்க, சொல்லுதேன்

வணக்கம். பாளையங்கோட்டையில டயட்டீஷியனா இருக்கேன், வீட்ல ரெண்டு பிள்ளைய. வந்த கேள்விக்கெல்லாம் கீழ பதில் போட்டிருக்கேன்.

கேள்வி: அக்கா, பையனுக்கு மூணு வயசு. தெரு முழுக்க தூக்கிட்டு சுத்துனாத்தான் ஊட்ட முடியுது, இல்லன்னா போன் குடுக்கணும். ஆச்சி "எப்படியாவது உள்ள போனா சரி"ங்காவ.

பதில்: மொதல்ல ஊட்டுதத நிறுத்துங்கம்மா. என்ன சமைக்கணும், எப்ப, எங்க உக்காந்து சாப்பிடணும், இது நம்ம வேலை. எவ்வளவு சாப்பிடணுங்கது பிள்ளையோட வேலை. எல்லின் சாட்டர்னு அமெரிக்க டயட்டீஷியன் ஒருத்தங்க சொன்ன முறை, எங்க வீட்லயும் இதான் நடக்கு. தட்டுல ரெண்டு ஸ்பூன் சோறு, அவனுக்கு பிடிச்ச முட்டையோ அப்பளமோ, கூட அவியல்ல இருந்து ஒரே ஒரு துண்டு காய், அவ்வளவுதான் வைங்க, நீங்களும் பக்கத்துல உக்காந்து சாப்பிடுங்க, அரை மணி நேரத்துல வேண்டாம்னா தட்ட எடுத்துருங்க, கெஞ்சவும் வேண்டாம் திட்டவும் வேண்டாம். அடுத்து ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு பழமோ அவிச்ச பயறோ குடுங்க, நடுவுல தண்ணி மட்டும். பிஸ்கட்டும் முறுக்கும் கைக்கு எட்டுத மாதிரி இருந்தா பசி எங்க இருந்து வரும்? புது காய பத்து பதினஞ்சு தடவ பாத்த பொறவுதான் சில பிள்ளைய வாயிலயே வைக்கும். என் சின்னவ புடலங்காய நாக்குல வச்சு தட்டு ஓரமா துப்பிருவா, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், அடுத்த வாரமும் ஒரு துண்டு வைப்பேன், இப்ப கூட்டு வச்சா கேட்டு வாங்குதா. எடை குறைஞ்சுட்டே வந்தா மட்டும் டாக்டர்ட்ட காட்டிருங்க.

கேள்வி: ரெண்டு வயசு பொண்ணு, ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் பால் குடிக்கா, சோறே வேண்டாங்கா.

பதில்: வயிறு பால்லயே நெறஞ்சிருது. 400, 500 மில்லிக்கு மேல வேண்டாம். பால்ல இரும்புச்சத்து ரொம்ப கம்மி, அதுலயே ஓட்டுனா ரத்தசோகை வரும். பாட்டில எடுத்துட்டு டம்ளர்ல, சாப்பாட்டுக்கு பொறவு குடுங்க.

கேள்வி: சீனிக்கு பதிலா உடன்குடி கருப்பட்டி எவ்வளவு வேணும்னாலும் போடலாமா?

பதில்: கூடாது. ருசிக்கு கொஞ்சம் போடுங்க, ஆனா அதுவும் சர்க்கரைதான். ஒரு வயசுக்குள்ள தேனும் கூடவே கூடாது, இதயும் நாலு பேர் கேட்டிருந்தீங்க.

கேள்வி: மாமாவுக்கு சுகர், மகளுக்கு பதிமூணு வயசு, ஹீமோகுளோபின் கம்மி. தனித்தனியா சமைச்சு முடியல மதினி.

பதில்: ஒரே சமையல் போதும் மதினி, பரிமாறுததுலதான் மாத்தணும். உளுந்தஞ்சோறு வைங்க, ஒரு பங்கு அரிசிக்கு அரை பங்கு தொலி உளுந்து, பூண்டு, வெந்தயம், தேங்காப்பூ கொஞ்சம், தொட்டுக்க எள்ளுத்துவையல். மாமாவுக்கு சோறு ஒரு கரண்டி, பொரியலும் முட்டையும் கூட. சுகருக்கு மாத்திர போடுதவங்க, சோற குறைக்கணும்னு ஒரு வேளை சாப்பாட்டயே விட்டுராதீங்க. மகளுக்கு முருங்கக்கீர, மீனு, ஈரல், கூட எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேத்தா இரும்புச்சத்து நல்லா சேரும். சாப்பிட்ட கையோட டீ குடிச்சா அது சேராது, ஒரு மணி நேரம் போகட்டும். உளுந்தங்களி குடுங்க, நல்லதுதான், ஆனா டாக்டர் எழுதுன இரும்பு மாத்திரைய நிறுத்திட்டு களிய மட்டும் நம்பாதீங்க.

கேள்வி: டவுன் பக்கம் போனாலே பிள்ளைய அல்வா கேக்கு. குடுக்கலாமா?

பதில்: நம்ம ஊர்ல இருந்துகிட்டு அல்வா இல்லன்னா எப்படி? எப்பவாச்சும் குடுங்க, ஆனா "கீர தின்னாத்தான் அல்வா"ன்னு மட்டும் சொல்லிராதீங்க, பொறவு கீர தண்டனையாயிரும், அல்வா பரிசாயிரும். சின்னதா ஒரு பொட்டலம் வாங்கி, ஆளுக்கு ஒரு துண்டு சாப்பாட்டோடயே வச்சு அன்னைக்கே முடிச்சிருங்க. மிச்சம் வீட்ல கெடந்தா தினம் சண்டைதான்.