மூச்சுத்திணறலைப் புரிந்துகொள்ள மருத்துவப் பரிசோதனை போதாதா? இலக்கியம், தத்துவம் எல்லாம் எதற்கு?

சிறுவயதிலிருந்தே ஆஸ்துமாக்காரன். அந்த ஒரே தகுதியில் எழுதுகிறேன்.

ஒருநாள் நள்ளிரவில் இழுப்பு வந்து அவசரப் பிரிவுக்கு ஓடினேன். விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினார்கள். 97. "ஆக்சிஜன் நல்லாத்தானே இருக்கு, பதட்டப்படாதீங்க" என்றார் அங்கிருந்தவர். எனக்கோ உள்ளே போன காற்று வெளியே வராமல் நெஞ்சு உப்பிக்கொண்டே போகிறது, அடுத்த மூச்சுக்கு இடமில்லை. கருவி பொய் சொல்லவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்பதைத்தான் அது காட்டும். ஒரு மூச்சுக்காக உடம்பு படும் பாட்டைக் காட்டாது.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். பேசவும் அதே காற்றுதானே வேண்டும்! ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் முடிக்க முடியாமல் போவதையே ஆஸ்துமா தீவிரமானதற்கு அறிகுறியாக மருத்துவர்கள் பார்க்கிறார்கள். அன்று என்னால் சொல்ல முடிந்தது "முடியல" மட்டும்.

சொல்ல வார்த்தைக்குப் பஞ்சமில்லை. வாங்குது, இரைக்குது, முட்டுது, அடைக்குது, இழுக்குது. எனக்கு இவை ஒன்றல்ல. மூச்சு வாங்கினால் நின்றுவிட்டு நடப்பேன். முட்டினால் பயம் வந்துவிடும். மருத்துவக் கோப்பில் எல்லாமே 'டிஸ்னியா'தான், அதாவது மூச்சுத்திணறல். (பழந்தமிழில் 'உயிர்த்தல்' என்றாலே மூச்சுவிடுதல். பெருமூச்சுக்கு 'நெட்டுயிர்ப்பு'.)

ஹவி கேரல் என்றொரு தத்துவப் பேராசிரியர். 2006இல் அவருக்கு அரிய நுரையீரல் நோய் ஒன்று இருப்பது தெரிந்தது. 2014 முதல் 2020 வரை பிரிட்டனின் டர்ஹாம், பிரிஸ்டல் பல்கலைக்கழகங்கள் மூச்சைப் பற்றியே ஓர் ஆய்வு நடத்தின; தலைமை தாங்கிய இருவரில் இவர் ஒருவர். நோய் வந்தால் தூரமும் மேடும் வேறாகிவிடும் என்று எழுதியவர். நூற்றுக்கு நூறு உண்மை. எங்கே போனாலும் என் கண் முதலில் லிஃப்டைத்தான் தேடும். லிஃப்ட் இல்லாவிட்டால் படிக்கட்டின் பாதியில் ஃபோன் வந்த மாதிரி நடித்து நிற்பேன். கூட வருபவர் ஏதாவது கேட்டால் தலையாட்டல்தான் பதில்.

தத்துவம் இழுப்பை நிறுத்தாது. அன்று என்னைக் காப்பாற்றியது நெபுலைசர்தான், சந்தேகமே இல்லை. ஆனால் இப்போது நான் பார்க்கும் மருத்துவர், ஊதிப் பார்க்கும் கருவியைக் கையில் கொடுக்கும் முன்பே, "போன மாசம் எதையெல்லாம் செய்யாம விட்டீங்க?" என்று கேட்கிறார். அந்த ஃபோன் நாடகத்தை முதன்முதலில் அவரிடம்தான் சொன்னேன்.