யூரியா பம்பை மாற்றும் முன்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: செகண்ட் ஹேண்டில் ஒரு வீல் லோடர் வாங்கி, வாலாஜாபேட்டை பக்கம் கிரஷரில் ஓட்டுகிறோம். அரை மணி நேரம் ஓடினால் யூரியா விளக்கு எரிந்து பவர் இறங்கிவிடுகிறது. ஸ்கேனர் எஸ்பிஎன் 4334, எஃப்எம்ஐ 18 என்று காட்டுகிறது. பம்ப் போய்விட்டது, புதிது போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். போட்டுவிடலாமா ஐயா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்கள். புகையில் உள்ள நச்சு வாயுவைக் குறைக்க, டேங்கில் இருக்கும் யூரியா திரவத்தை பம்ப் அழுத்தித் தர, இன்ஜெக்டர் அதைச் சைலன்சர் குழாயில் தெளிக்கிறது. கோளாறு கோடில் எஸ்பிஎன் என்பது எந்த இடம், எஃப்எம்ஐ என்பது என்ன வகைக் கோளாறு என்று காட்டும் எண்கள். யூரியா லைனில் பிரஷர் குறைவாக இருக்கிறது என்பதுதான் அந்தக் கோடின் அர்த்தம். எதனால் குறைந்தது என்று அது சொல்லவில்லை. டேங்க் சல்லடை அடைத்திருந்தாலும், உறிஞ்சும் ஹோஸில் காற்று நுழைந்தாலும், இன்ஜெக்டர் ஒழுகினாலும் இதே கோடுதான் வரும். காரணத்தைச் சரிசெய்யாமல் புது பம்ப் போட்டால் அதுவும் சீக்கிரமே கெடும். வாரன்டி கேட்டுப் போனால் கலப்படத் திரவம் என்று சொல்லித் திருப்பி அனுப்புவார்கள்.

முதலில் சாவியை ஆன் செய்து, பம்ப் ஓடாத நிலையில் ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் பிரஷரைப் பாருங்கள். அப்சலூட் அளவில் (வெளிக்காற்றின் அழுத்தத்தையும் சேர்த்து) காட்டும் ஸ்கேனர் என்றால் சுமார் 1 பார், கேஜ் அளவில் (அதைச் சேர்க்காமல்) என்றால் கிட்டத்தட்ட பூஜ்யம் இருக்க வேண்டும். லைனில் பிரஷர் எதுவும் நிற்காதபோதும் 3, 4 பார் காட்டினால் சென்சாரையோ வயரிங்கையோதான் சந்தேகிக்க வேண்டும்.

அடுத்தது திரவம். டிஇஎஃப் என்பது டேங்கில் ஊற்றும் யூரியா திரவம். நல்ல டிஇஎஃப்பில் யூரியா 32.5 சதவீதம், மீதி அயனி நீக்கிய (உப்புகளை எடுத்த) நீர். யூரியா சதவீதம் காட்டும் ரெஃப்ராக்டோமீட்டரில் 31.8க்கும் 33.2க்கும் இடையில் நிற்க வேண்டும். கருவி இல்லையென்றால் சரியாக ஒரு லிட்டர் அளந்து தராசில் வையுங்கள், சுமார் 1,090 கிராம் வரும். ஆயிரத்தை ஒட்டி வந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எடை சரியாக இருப்பதால் மட்டும் திரவம் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். உப்புத் தண்ணீரும் எடையைக் கூட்டிக் காட்டும். கேன் எப்போது தயாரானது என்பதையும் பாருங்கள். 25 டிகிரியில் ஒன்றரை வருடம் தாங்கும் டிஇஎஃப், 35 டிகிரியில் ஆறு மாதம்தான் தாங்கும். நம் வேலூர் வெயிலில் தகரக் கொட்டகைக்குள் கேனை அடுக்கி வைத்தால் அதுவும் கிடைக்காது.

திரவம் சரி என்றால் கோளாறு டேங்க் பக்கமா, பம்ப்பா, இன்ஜெக்டர் பக்கமா என்று பிரிக்க வேண்டும். வேலையே இதில்தான் இருக்கிறது. டேங்கிலிருந்து பம்புக்கு வரும் ஹோஸைக் கழற்றிவிட்டு, பம்ப் மட்டத்திலேயே ஒரு சுத்தமான கேனில் புது டிஇஎஃப் வைத்து, குட்டையான புது ஹோஸ் வழியாக உறிஞ்ச விடுங்கள். பிரஷர் வந்துவிட்டால் பம்ப் நன்றாக இருக்கிறது. டேங்க் சல்லடை, மடிந்த ஹோஸ், லூசான கப்ளிங் இவற்றில்தான் குற்றம். கப்ளிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் அங்கே கசிவு என்று அர்த்தம். உறிஞ்சும் பக்கத்தில் கசிவு இருந்தால் காற்றும் அதே வழியில் உள்ளே போகும்.

அப்படியும் பிரஷர் வராவிட்டால் பம்ப் ஃபில்டரைத் திறங்கள். பழைய வண்டிகளில் பெரும்பாலும் இதை யாரும் தொட்டிருக்கவே மாட்டார்கள். பிறகு சைலன்சர் குழாயிலிருந்து இன்ஜெக்டரைக் கழற்றி, ஹோஸும் வயரும் அப்படியே இருக்க, ஒரு அளவு ஜாடிக்குள் தொங்கவிடுங்கள். இன்ஜின் சூட்டில் கை வைக்காதீர்கள். கண்ணாடியும் கையுறையும் போடாமல் இதைச் செய்யக் கூடாது. ஸ்கேனரில் பம்பை மட்டும் ஓட்டினால் இன்ஜெக்டரிலிருந்து ஒரு சொட்டும் வரக் கூடாது. சொட்டினால் பிரஷர் அங்கேதான் போகிறது. டோசிங் டெஸ்ட் (தெளிப்புச் சோதனை) கொடுத்தால் மேனுவலில் சொன்ன அளவு, மெல்லிய தூறலாக ஜாடியில் விழ வேண்டும்.

பம்ப் கனெக்டரையும் மறக்காதீர்கள். பம்ப் ஓடும்போதே வோல்டேஜ் பாருங்கள், ஓடாதபோது 24 வோல்ட் காட்டுவதை நம்பக் கூடாது. எர்த் பக்கம் அரை வோல்டுக்கு மேல் விழுந்தால் எர்த்தைச் சுத்தம் செய்யுங்கள். யூரியா செம்பை அரிக்கும். பின்னில் பச்சை படிந்திருந்தால் திரவம் வயருக்குள்ளும் ஏறியிருக்கலாம், உறையைக் கொஞ்சம் உரித்துப் பாருங்கள்.

இவ்வளவும் சரியாக இருந்து, பம்ப் முழு வேகத்தில் ஓடியும் பிரஷர் ஏறாவிட்டால் அப்போது பம்பை மாற்றுங்கள். பாஷ் கம்பெனியின் 2.2 வகை பம்பில் சுமார் 9 பார் நிற்க வேண்டும். மற்ற வகைகளுக்கு அளவு வேறு, மேனுவலைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எஃப்எம்ஐ 18க்குப் பதில் 16 வந்தால்? – ஆற்காடு வாசகர்

பதில்: அது பிரஷர் அதிகம் என்ற செய்தி. பம்ப் தேவைக்கு மேல் தள்ளும் திரவம் ரிட்டர்ன் ஹோஸ் வழியாக டேங்குக்குத் திரும்பும். பெரும்பாலும் அந்த ஹோஸ் உப்புக் கட்டி அடைத்திருக்கும், அல்லது நசுங்கியிருக்கும். வெதுவெதுப்பான அயனி நீக்கிய நீரை ஊற்றினால் கரைந்துவிடும். கம்பி விட்டுக் குத்தாதீர்கள்.

கேள்வி: நான் வாங்கிய டிப்பரின் பழைய ஓனர், வயலுக்குப் போடும் யூரியாவை போர் தண்ணீரில் கரைத்து ஊற்றியிருக்கிறார். டேங்கைக் கழுவினால் போதுமா? – குடியாத்தம் வாசகர்

பதில்: போதாது. 2015 முதல் நம் நாட்டில் வயல் யூரியா பெரும்பாலும் வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. அந்த எண்ணெய் ஃபில்டரில் பிசுக்காகப் படியும். பையூரெட் என்னும் மாசு டிஇஎஃப்பில் 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. உர யூரியாவுக்கோ 1.5 சதவீதம் வரை அனுமதி. அது சைலன்சருக்குள் எளிதில் கரையாத கட்டியாக நிற்கும். போர் தண்ணீரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தோல் தொழிற்சாலைகளால் நிலத்தடி நீர் உப்பேறிப்போன ஊர்கள் இங்கே எத்தனை! அந்தச் சுண்ணாம்பும் சோடியமும், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிஸ்டில் ஏறிவிட்டால் கழுவி எடுக்க முடியாது.

டேங்கை இறக்கி அயனி நீக்கிய நீரால் இரண்டு மூன்று முறை அலசுங்கள். டேங்க் சல்லடை, பம்ப் ஃபில்டர் இரண்டையும் புதிதாகப் போட்டு, புது டிஇஎஃப்பில் ஓட்டிப் பாருங்கள். புகை சரியாகச் சுத்தமாகவில்லை என்று சொல்லும் எஸ்பிஎன் 4364 தொடர்ந்து வந்தால் கேட்டலிஸ்டின் திறனைச் சோதிக்க வேண்டும். மானிய உரத்தை வண்டிக்கு ஊற்றுவது சட்டப்படியும் குற்றம்.

கேள்வி: ஆள் தவறி யூரியா டேங்கில் டீசலை ஊற்றிவிட்டார். – ஆம்பூர் வாசகர்

பதில்: சாவியைத் தொடாதீர்கள். பம்ப் ஓடவில்லை என்றால் டேங்கைக் காலிசெய்து கழுவினால் தப்பித்தீர்கள். ஓடிவிட்டால் டீசல் பட்ட ரப்பர் சீல்கள் ஊதிவிடும். பம்ப், இன்ஜெக்டர், ஹோஸ் எல்லாவற்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பழைய வண்டி வாங்கும்போது யூரியா சிஸ்டத்தில் எதைப் பார்ப்பது? – காட்பாடி வாசகர்

பதில்: வண்டியை நன்றாகச் சூடேற்றி ஓட்டிய பிறகு சாவியை ஆஃப் செய்து காது கொடுங்கள். ஒன்றிரண்டு நிமிடம் பம்ப் உறுமி, லைனில் இருக்கும் திரவத்தை டேங்குக்கு இழுத்துக்கொள்ளும். அது முடியும் முன்பே பேட்டரி மெயின் சுவிட்சை அணைக்கும் டிரைவர் கையில் வண்டி இருந்திருந்தால், பம்புக்குள் உப்பு கட்டியிருக்க வாய்ப்பு மிக அதிகம். உங்கள் டிரைவருக்கும் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

அடுத்து, 100 லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் யூரியா போகிறது என்று கேளுங்கள். பொதுவாக 3 முதல் 5 லிட்டர் போகும். ‘யூரியாவே ஊற்றுவதில்லை, வண்டி நன்றாகத்தான் ஓடுகிறது’ என்று யாராவது பெருமையாகச் சொன்னால், யூரியா போவதாக இன்ஜின் கம்ப்யூட்டரை ஏமாற்றும் எமுலேட்டர் பெட்டி எங்கே ஒளிந்திருக்கிறது என்று ஹார்னஸ் (வயர் கட்டு) முழுக்கத் தேடுங்கள். அது இருந்தால் பம்ப், இன்ஜெக்டர், கேட்டலிஸ்ட் மூன்றும் வேலை செய்யவில்லை என்றே கணக்குப் போட்டு விலை பேசுங்கள்.