ஃபோர் வீல் டிரைவ் வண்டியின் முன்சக்கரப் பக்கம் 'ஊம்' என்று சத்தம் வருகிறது. முன் அச்சு பேரிங்குகளை வீட்டிலேயே மாற்ற முடியுமா? பிரஸ் மெஷின் தேவையா?

முடியும். முன்பக்கம் சாலிட் ஆக்ஸில் (இரு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே கெட்டி அச்சு), ஹப்புக்குள் (சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) இரண்டு டேப்பர் ரோலர் பேரிங் என்ற பழைய அமைப்பாக இருந்தால் பிரஸ் தேவையில்லை. புது வண்டிகள் பலவற்றில் பேரிங்கும் ஹப்பும் ஒரே சீல் வைத்த யூனிட்டாக வரும். அதை போல்ட் கழற்றி அப்படியே மாற்றிவிடலாம். நக்கிளுக்குள் (ஸ்டியரிங்கோடு திரும்பும் பாகம்) அழுத்திப் பொருத்திய வகை என்றால் மட்டும் பிரஸ் உள்ள பட்டறைக்குக் கொண்டுபோங்கள். இனி எழுதுவதெல்லாம் முதல் வகையைப் பற்றி. என் வண்டியில் இதுவரை மூன்று முறை செய்திருக்கிறேன். முதல் முறை ஒரு நாள் முழுக்கப் போனது, அடுத்த வாரமே திரும்பவும் பிரிக்க வேண்டியிருந்தது.

முதலில் பேரிங்தான் போயிருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். நீங்கள் சொல்லும் 'ஊம்' சத்தம் முரட்டு பட்டன் உள்ள டயரிலிருந்தும் வரும். முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டு மேல் வையுங்கள். டயரின் உச்சியில் ஒரு கை, அடியில் ஒரு கை வைத்து உள்ளும் வெளியுமாக ஆட்டிப் பாருங்கள். 'டக் டக்' என்று ஆட்டம் தெரிந்தால் ஒருவரை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங். மிதித்த பிறகும் ஆடினால் கோளாறு, சக்கரம் இடம் வலமாகத் திரும்ப உதவும் கிங்பின் பேரிங்கிலோ பால் ஜாயின்ட்டிலோ இருக்கிறது. ஹப்பைப் பிரித்துப் பயனில்லை. இடம் வலமாகப் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங் கம்பியின் முனையான டை ராடு எண்டைப் பாருங்கள். ஆட்டமே இல்லாமல் சத்தம் மட்டும் இருந்தால், சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டு காயில் ஸ்பிரிங் மேல் விரலை வையுங்கள். கெட்ட பேரிங்கின் கரகரப்பு ஸ்பிரிங் வழியாக விரலுக்கு வரும். இன்னொரு அடையாளமும் உண்டு. வளைந்து வளைந்து ஓட்டிய பிறகு பிரேக் பெடல் முதல் மிதிக்கு ஆழமாக இறங்கி, இரண்டாவது மிதிக்குச் சரியாகிறதா? ஹப் ஆடும்போது டிஸ்க்கும் சேர்ந்து ஆடி பேடுகளைப் பின்னுக்குத் தள்ளுவதால் அப்படி ஆகும்.

பிரிப்பது பெரிய வித்தை இல்லை. பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள், ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீர்கள். பிரேக் பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரைக் கழற்றியதும் கம்பியால் கட்டித் தொங்கவிடுங்கள். ஹோஸில் தொங்கினால் ஹோஸ் கெட்டுவிடும். அப்புறம் ஹப்பின் வெளிமுகத்தில் இருக்கும், அச்சையும் ஹப்பையும் இணைக்கும் ஃப்ரீவீல் ஹப்பையோ டிரைவ் ஃபிளாஞ்சையோ கழற்ற வேண்டும். ஸ்டட்களில் கோன் வாஷர் (கூம்பு வடிவ வாஷர்) இருந்தால் நெம்பாதீர்கள். ஃபிளாஞ்சின் பக்கவாட்டில் பித்தளைச் சுத்தியலால் நாலு தட்டு தட்டினால் அவையே துள்ளி வெளியே வரும். உள்ளே வெளி லாக் நட், மடித்த லாக் வாஷர், அதற்குப் பின்னால் அட்ஜஸ்ட் நட் என்ற வரிசை இருக்கும். பல டொயோட்டா வண்டிகளில் இதற்கு 54 மி.மீ. ஹப் சாக்கெட் வேண்டும். உளியும் சுத்தியலும் வைத்து நட்டைத் திருப்புகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். என் வண்டியிலும் முன்பு யாரோ அப்படித்தான் செய்திருந்தார்கள், நட்டின் முனையெல்லாம் கடித்துவைத்த மாதிரி இருந்தது. சாக்கெட் வாங்கிவிடுங்கள்.

ஹப் கைக்கு வந்ததும் பின்பக்க ஆயில் சீலை நெம்பி எடுத்துவிட்டு, பழைய கிரீஸை ஒரு சொட்டு விடாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். கழுவிய பேரிங்கை கம்ப்ரஸர் காற்றால் விர்ரென்று சுழலவிடுவது சிலருக்கு விளையாட்டு. தயவுசெய்து வேண்டாம், ரோலர்களைப் பிடித்திருக்கும் கூடு உடைந்து அவை தெறிக்கும். ரோலர்களையும் கப்பையும் (ஹப்புக்குள் இறுகியிருக்கும் வெளிவளையம்) வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நல்ல கப் கண்ணாடி மாதிரி பளபளக்கும், என்னுடையதில் செதில் உதிர்ந்த மாதிரி குழிகள் இருந்தன.  நீலம் பாரித்திருந்தால் சூடு ஏறியிருக்கிறது. செந்துரு இருந்தால் சீலைத் தாண்டி தண்ணீர் போயிருக்கிறது, ஆற்றில் வண்டி இறக்கியவர்களுக்கு இது பழக்கமான காட்சி. ஹப் ஏறி உட்காரும் தண்டான ஸ்பிண்டில் மேல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். நகம் தட்டும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தால் ஸ்பிண்டிலையும் மாற்ற வேண்டியிருக்கும்.

பேரிங்கை மட்டும் மாற்றிவிட்டு பழைய கப்பை விட்டுவிடுவது பலர் செய்யும் தவறு. கோனும் (ரோலர்கள் உள்ள உள்பகுதி) கப்பும் ஒரு ஜோடி, சேர்த்தே மாற்றுங்கள். ஹப்பின் உள்ளே கப்புக்குப் பின்னால் இரண்டு பள்ளங்கள் இருக்கும். அங்கே பித்தளை ராடை வைத்து, இந்தப் பக்கம் ஒரு அடி, எதிர்ப்பக்கம் ஒரு அடி என்று மாற்றி மாற்றித் தட்டினால் கோணாமல் வெளியே வரும். புதுக் கப்பை முந்தைய இரவே ஃப்ரீசரில் போட்டுவையுங்கள், கொஞ்சம் சுருங்கி எளிதாக இறங்கும். பழைய கப்பின் வெளிவட்டத்தைக் கிரைண்டரில் லேசாகத் தேய்த்துக்கொண்டால் புதியதை அடித்து இறக்க அதுவே அருமையான கருவி.

நான் முதல் முறை கோட்டைவிட்டது இங்கேதான். கப் இறங்கும்போது சுத்தியல் சத்தம் 'தொம் தொம்' என்று மந்தமாக இருக்கும். அடியில் போய் உட்கார்ந்ததும் அதே அடிக்கு 'டிங்' என்று கணீரென ஒலிக்கும், கை உதறும். நான் அந்த 'டிங்' வருவதற்கு முன்பே நிறுத்திவிட்டேன். கண்ணுக்கு உட்கார்ந்த மாதிரிதான் தெரிந்தது. ஓட்ட ஓட்ட அது மீதி தூரம் உள்ளே இறங்கியது, ஒரே வாரத்தில் சக்கரம் பழையபடி ஆடியது. இப்போதெல்லாம் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் மெல்லிய தகட்டைக் கப்புக்கும் ஹப்பின் படிக்கும் இடையே விட்டுப் பார்க்கிறேன். நுழையக் கூடாது.

கிரீஸைப் பேரிங்கின் மேலே பூசினால் போதாது, உள்ளே ஏற்ற வேண்டும். இடது உள்ளங்கையில் ஒரு எலுமிச்சை அளவு கிரீஸ் வைத்து, பேரிங்கின் அகலமான விளிம்பால் அதை வழித்து வழித்து அழுத்துங்கள். ரோலர்களுக்கு இடையே புழு மாதிரி மேல்பக்கம் பிதுங்கி வரும்வரை விடக்கூடாது. வீல் பேரிங்குக்கு என்றே எழுதியிருக்கும் கிரீஸாக, என்.எல்.ஜி.ஐ. 2 தரத்தில் (கிரீஸின் கெட்டித்தன்மையைக் குறிக்கும் எண்) வாங்குங்கள். பழையதையும் புதியதையும் கலக்காதீர்கள். உள் பேரிங்கை வைத்த பிறகுதான் சீலை அடிக்க வேண்டும். இதைச் சொல்லவே தேவையில்லை என்று நினைப்பீர்கள். இரண்டாவது முறை நான் சீலை அழகாக அடித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால் உள் பேரிங் மேசை மேல் இருந்தது. புது சீல் ஒன்று வீண்.

கடைசியாக இறுக்கம். பேரிங்கின் ஆயுள் இதில்தான் இருக்கிறது. ஹப்பைச் சுற்றிக்கொண்டே அட்ஜஸ்ட் நட்டை சுமார் 60 நியூட்டன் மீட்டர் வரை இறுக்குங்கள். இரு பக்கமும் சில சுற்று சுற்றி ரோலர்களை உட்காரவிட்டு, கையால் திருப்பும் அளவுக்கு நட்டைத் தளர்த்துங்கள். பிறகு மென்மையாக மறுபடி இறுக்க வேண்டும். எவ்வளவு என்பதற்கு ஸ்பிரிங் தராசு இருக்கிறது. வீல் ஸ்டட்டில் கொக்கியை மாட்டி இழுங்கள். பழைய லேண்ட் குரூசர் வகைகளில் ஹப் அசையத் தொடங்கும்போது 3 முதல் 5 கிலோவுக்குள் காட்டினால் சரி. மற்ற வண்டிகளுக்கு அவற்றின் சர்வீஸ் மேனுவலில் உள்ள அளவுகளையே பின்பற்றுங்கள். லாக் நட்டை இறுக்கியதும் இந்த அளவு கொஞ்சம் ஏறும், அதனால் மறுபடியும் தராசை மாட்டிப் பாருங்கள். நான் ஒவ்வொரு முறையும் இரண்டு மூன்று தடவை தளர்த்தி இறுக்கியிருக்கிறேன், இதில் அவசரம் ஆகாது. திருப்தியானதும் லாக் வாஷரின் ஒரு காதை உள்நட்டின் மேலும், எதிரில் உள்ள இன்னொரு காதை வெளிநட்டின் மேலும் மடியுங்கள்.

சக்கரம் மாட்டியதும் வண்டியை நகர்த்துவதற்கு முன் பிரேக் பெடலைச் சில முறை மிதித்துக் கெட்டியாக்கிக்கொள்ளுங்கள். பத்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி இரண்டு ஹப்பையும் தொட்டுப் பாருங்கள். கடைசியில் பிரேக்கை அதிகம் மிதிக்காமல் வாருங்கள், இல்லாவிட்டால் டிஸ்க்கின் சூடு குழப்பும். வெதுவெதுப்பு இருக்கலாம். கை வைக்க முடியாத சூடு இருந்தால் நட் அதிகமாக இறுகியிருக்கிறது, அன்றைக்கே பிரியுங்கள். சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு இன்னொரு முறை ஜாக்கியில் தூக்கி அதே மேல்-கீழ் ஆட்டத்தைப் பாருங்கள். என் இடது பக்கத்தில் மூன்றாவது முறையும் மயிரிழை ஆட்டம் வந்தது, நட்டை லேசாகத் திருப்பியதும் போய்விட்டது.

கழற்றிய கப்புகளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், அடுத்த முறை அடித்து இறக்க அவை வேண்டும்.